பரிபூரணம் ஸ்டாப்பில் ஒரு பேக்கரி

எங்கள் ஊரில் ஒரு கட்டடம் நின்றுகொண்டிருக்கும் வரை அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்; கடப்பாரை வைத்து, தூசி பறக்க இடித்து, கல்லையும் கம்பியையும் லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாளிலிருந்துதான் அதற்கு மரியாதை ஆரம்பமாகும். மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கிற எங்கள் பகுதியைச் சொல்கிறேன். இங்கே வந்து யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள், "நேராப் போயி, ரைஸ் மில்லுல திரும்பி, வேப்பமரத்துக்கிட்ட யார்கிட்டயாச்சும் கேளுங்க" என்பார்கள். ரைஸ் மில் இருந்த இடத்தில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேப்பமரம் போன இடத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. கேட்பவர் வெளியூர்க்காரராக இருந்தால் தொலைந்தார். உள்ளூர்க்காரராக இருந்தால் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார், ஏனென்றால் அவரும் அந்த மில்லைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார்.

நான் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையும் மாலையும் தெருத் தெருவாக நடக்கிறேன்; கால் நடந்தாலும் கண் சும்மா இருக்காது. நேற்று இருந்த பால்கனி இன்று இல்லையென்றால் முதலில் எனக்குத்தான் தெரியும். கல்யாண மண்டபம் பிரசவ ஆஸ்பத்திரியானது, ஆஸ்பத்திரி செல்போன் ஷோரூமானது, ஷோரூம் இப்போது ஜிம். எங்கள் தெருக்காரர்கள் சிலர் அதே ஹாலில் தாலி கட்டி, அதே ஹாலில் பிள்ளை பெற்று, அதே ஹாலில் போன் வாங்கி, இப்போது அதே ஹாலில் தொப்பையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னால், "ரோட்டைப் பாத்து நடங்க" என்பாள் என் மனைவி.

பரிபூரணம் டாக்கீஸை இடித்து முடித்த மறுநாள் காலையில், வெட்டவெளியாகக் கிடந்த அந்த இடத்தைக் குறுக்கே கடந்தால் பால் பூத்துக்குச் சீக்கிரம் போய்விடலாமே என்று காலை எடுத்து வைத்தேன். நெற்றி சுவரில் மோதியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கையை வைத்தால் காரை, செங்கல், போன தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பின் சொரசொரப்பு எல்லாம் தெரிந்தது. வலித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போனேன்.

அன்று நெற்றியில் அடிபட்டவர்கள் நிறையப் பேர். அதற்காக யாரும் மாநாடு போடவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் "பரிபூரணம் ஒண்ணு", "பரிபூரணம் ரெண்டு" என்று டிக்கெட் கேட்டுக்கொண்டும், கண்டக்டர்கள் "பரிபூரணம் இறங்கு, பரிபூரணம் இறங்கு" என்று விடியற்காலையிலிருந்து கத்திக்கொண்டும் இருந்தால், அந்தக் கட்டடம்தான் பாவம் என்ன செய்யும், எப்படி எங்களை விட்டுப் போகும்? ஆட்டோக்காரர்கள் பகல் வெயிலுக்கு அந்த இல்லாத சுவரின் நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்கினார்கள். காதணி விழாவுக்கும் கருமாதிக்கும் அதன்மேல் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டர்கள் காற்றில் விறைப்பாக நின்றன, ஆடுகள் முன்னங்காலைச் சுவரில் ஊன்றி எழும்பி அவற்றைத் தின்றன. யாரோ ஒரு புண்ணியவான் கறுப்புப் பெயின்டில் "இங்கே சிறுநீர் கழிக்காதே" என்று எழுதிவிட்டுப் போனார். எழுத்துகள் அந்தரத்தில் நின்றன, அதற்குக் கீழே எப்போதும்போல் கழித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்த இடத்தில் ஒரு சின்ன காம்ப்ளக்ஸ் எழும்பியது. கட்ட வந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். அவர்களுக்குப் பரிபூரணத்தைத் தெரியாது, பரிபூரணத்துக்கும் அவர்களைத் தெரியாது, ஆகவே இல்லாத சுவருக்குள் போய் வந்து இருக்கிற சுவரைக் கட்டினார்கள். கீழே ரெஜினா பேக்கரி வந்தது.

ரெஜினா தூத்துக்குடிக்காரி. நாற்பது வயது, குட்டையான உருவம், முட்டையின் வெள்ளைக்கரு அடித்தடித்து உரமேறிய வலது கை. அவள் புருஷன் மரியதாஸ் அதிகம் பேசாத மனிதர். மரியதாஸின் அண்ணன் கஸ்பாருக்குத் தூத்துக்குடியில் பெரிய பேக்கரி, அந்த பேக்கரியில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்பு முன்னால் நின்றவள் ரெஜினா. முந்திரிப்பருப்பைப் பொடித்ததும் அவள், நுரையைப் பதம் பார்த்ததும் அவள், ஊரும் உலகமும் வாங்கித் தின்றுவிட்டு "கஸ்பார் மக்ரூன் கஸ்பார் மக்ரூன்தான்யா" என்றது. ஒரு நாள் அவள் கேட்டாள், டப்பாவில் ஒரு ஓரமாக என் பெயரையும் போடக் கூடாதா என்று. கஸ்பார் சிரித்தாராம். "உன் பேரச் சொன்னா எவன் வாங்குவான்?"

அன்றைக்குக் கோபத்தில் அவள் சபதம் போட்டுவிட்டாள். "மதுரையில போயி கடை போடுதேன் அத்தான். வார கிறிஸ்துமஸுக்குள்ள அந்த ஊரு என் பேரச் சொல்லணும். சொல்லலன்னா நானே வந்து உங்க அடுப்பு முன்னால நிக்கேன், சாவுற மட்டும் நிக்கேன், ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்." இதை என்னிடம் அவளே சொன்னாள், கடைக்கு எதிரே மூக்கையாவின் டீக்கடையில் வைத்து. சொல்லும்போது அவள் கண் அவளுடைய போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, "ரெஜினா பேக்கரி". "ரெஜினா" தெரியவில்லை. அதற்கு முன்னால் காற்றில் யாரோ ஒருவருடைய பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா ஒட்டியிருந்தது.

"எதுக்கு எல்லாரும் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போறாங்க?" என்று கேட்டாள். "கேக்கைப் பாக்காங்க, எச்சில் முழுங்குதாங்க, அப்படியே ஓரமாப் போயிருதாங்க. எங்க மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லக்கா," என்றார் மூக்கையா. "சுவரு இருக்குல்ல."

"எந்தச் சுவரு?"

"பரிபூரணம் சுவருக்கா. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தட்டாது."

உள்ளூர்க்காரன் ஒருவனாலும் உள்ளே போக முடியவில்லை. ஒடிசாக் கொத்தனார்கள் போனார்கள், மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் போனார், ஹாஸ்டல் பிள்ளைகள் போனார்கள். ஆனால் எங்கள் ஊரில் வந்து இருப்பவன் எத்தனை நாளைக்கு வெளியூர்க்காரனாகவே இருந்துவிட முடியும்? சுகந்த் என்று ஒரு கொத்தனார், தினமும் தேங்காய் பன்னும் டீயும் அங்கேதான். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் ஏறி, நல்ல தமிழில், "பரிபூரணம் ஒண்ணு" என்று சொல்லி இறங்கி வந்தவன் வாசலில் மூக்குடைபட்டு உட்கார்ந்துவிட்டான். ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து தூக்கி, தண்ணீர் கொடுத்து, "வாடா, நம்மாளாயிட்ட" என்று தோளில் தட்டினார்கள். ரெஜினாவுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். அடுத்த வாரம் மேனேஜரும் முட்டிக்கொண்டார். ஹாஸ்டல் பிள்ளைகள் ஒவ்வொருவராக நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று கடையை ஏக்கமாகப் பார்த்தார்கள்.

கடைசியில் அதுவும் நடந்தது. மைதா கொண்டு வரும் வண்டிக்காரன் வழி தெரியாமல் போன் செய்தான். ரெஜினா டீக்கடையில் நின்றுகொண்டு, தன் கடைப் பெயரைப் பலமுறை சொல்லியும் அவனுக்குப் புரியாமல் போய், எரிச்சலில், "பரிபூரணம் ஸ்டாப்பு, தெரியுமா, பரிபூரணம், அங்க வந்து நில்லு" என்று கத்தினாள். போனை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினாள். தன் கடை வாசலில், தன் நெற்றியில், ணங்கென்று வாங்கினாள்.

உள்ளே மரியதாஸ் கேக் தட்டோடு நிற்கிறார். வெளியே இவள் காற்றை இரண்டு கையாலும் அறைகிறாள். "ஏங்க, ஏங்க!" என்று கூப்பிடுகிறாள். அவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கிறார், அவர் கை வெளியே வருகிறது, இவள் கை உள்ளே போகவில்லை. நான் வாக்கிங் முடித்து வரும்போது பார்த்த காட்சி இது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் ஆட்டோக்காரர்களுக்கு அவளைப் பார்த்து ஒரே பாசம். "அக்காவும் நம்மூரு ஆயிருச்சுப்பா" என்று ஆளுக்கொரு டீ சொன்னார்கள்.

மூக்கையாதான் வழி சொன்னார். "சுவத்துல முட்டுனா எப்படிக்கா? டாக்கீஸுக்கு வழின்னு ஒண்ணு இருக்குல்ல. சந்துப் பக்கமா போயி, கேட்டுக்குள்ள நுழைஞ்சு, டிக்கெட் கவுன்டர் வழியா வாங்க." அத்தனை நாளும் யாருக்கும் அது தோன்றாததற்குக் காரணம் உண்டு, படம் ஓடாத டாக்கீஸுக்குள் எவன் போவான்? ரெஜினா சந்துக்குப் போனாள். இல்லாத கேட்டைத் தள்ளினாள். இல்லாத கம்பிகளுக்கு நடுவே, ஒரு ஆள் மட்டுமே நுழைகிற அந்தக் கவுன்டர் வரிசையில், தலையைக் குனிந்து, வளைந்து வளைந்து நடந்து, தன் கடைக்குள் போய்ச் சேர்ந்தாள்.

"பரிபூரணம் கேட்டைத் திறந்துட்டாங்க" என்று செய்தி பரவியது. மறுநாள் சந்தில் கூட்டம். வெட்டவெளியில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, குனிந்தபடி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக வளைந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். பப்ஸ் தின்றார்கள், மக்ரூன் தின்றார்கள், விளக்கை அணைத்தால் விசிலடித்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மரியதாஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார், "நல்லாத்தான் போவுது" என்று.

ரெஜினா முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. ஏனென்றால் வந்தவர்கள் எல்லாரும் அதை "பரிபூரணம் கேன்டீன்" என்றார்கள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் பழைய கேன்டீன் முறுக்கு மாதிரி வராதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் பிறந்ததும் கஸ்பார் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு டப்பா கஸ்பார் மக்ரூன். வெளியூர்க்காரர் என்பதால் சுவரைக் கவனிக்காமல் நேராக உள்ளே வந்துவிட்டார். கடை நிறையக் கூட்டம் இருந்தது, அதை அவர் பார்க்கவும் செய்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது வேறு. "பஸ்ஸுல கேட்டேன், ரெஜினா பேக்கரி எங்கன்னு. கண்டக்டருக்குத் தெரியல. ஸ்டாப்புல கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. பரிபூரணம் கேன்டீனான்னு கேக்கான். எம்மா, அங்க கஸ்பாரு, இங்க பரிபூரணமா? இதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் வந்த? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வண்டி கொண்டாரேன், சாமானைக் கட்டி வை."

அவர் போனபின் ரெஜினா டீக்கடைக்கு வந்தாள். டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை. நானும் அங்கே இருந்தேன். சும்மா இருக்க முடியாத மூக்கையா, அவளைச் சிரிக்க வைக்க நினைத்து, பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார்.

"எங்கப்பா சொல்லுவாரு. பரிபூரணத்துல படம் பாக்க உக்காந்தா, இருட்டுல மாடு வந்து காதை நக்குமாம். அதுக்கு முந்தி அங்க வண்டிப்பேட்டை இருந்துச்சுல்ல. பெஞ்சு டிக்கெட்டுல உக்காந்தவன் பாதிப்பேரு சாணியை மிதிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவானாம்."

ரெஜினா நிமிர்ந்தாள். "அப்போ இந்த ஸ்டாப்புக்கு என்ன பேரு?"

"வண்டிப்பேட்டை ஸ்டாப்பு."

"டாக்கீஸ் ஓடிக்கிட்டிருக்கும்போதா?"

"ஆமா. அம்புட்டுக் கூட்டமும் வண்டிப்பேட்டைன்னுதான் டிக்கெட் எடுக்கும்."

"அப்போ பரிபூரணம்னு ஒருத்தரும் சொல்லலயா?"

மூக்கையாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "டாக்கீஸுதான் கண்ணு முன்னாடி இருந்துச்சேக்கா. இருக்கிறதை எதுக்குச் சொல்லணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "சார், இந்த ஊர்ல இருக்கிற எதையாவது சொல்லி வழி சொல்லுவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்தத் தெருக்களில் நடந்தவன், ஒவ்வொரு தூணையும் தெரிந்தவன், எனக்கு ஒரு பெயர்தான் வந்தது. "மீனாட்சி அம்மன் கோவில்," என்றேன். "வேற இல்லம்மா."

ரெஜினா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "நீங்க போர்டு எழுதுவீங்கல்லா சார்? எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க. பெரிய எழுத்தா."

எழுதிக் கொடுத்தேன். வெள்ளைத் துணியில், கறுப்பு மையில், என் ஆயுசிலேயே நான் எழுதிய நல்ல எழுத்து அதுதான் என்பேன். "ரெஜினா பேக்கரி நிரந்தரமாக மூடப்பட்டது." ஷட்டரை இழுத்து விட்டு, துணியைக் கட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினார்கள். ஏறும்போது அவள் முகம் வெளிறியிருந்தது. "பலிக்கலன்னா அப்படியே தூத்துக்குடிதான் சார்," என்றாள்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சு மாறியது.

"ரெஜினாவை மூடிட்டாங்களாம்ல?"

"அடப்பாவமே. நல்ல கடைப்பா."

"நல்ல கடையா? எங்க வீட்டுல ரெஜினா கேக் இல்லாம ஒரு பொறந்தநாள் நடந்ததில்ல தெரியும்ல" என்று கண்ணைத் துடைத்தார் ஒருவர். அவர் வாழ்நாளில் அந்த வாசலைத் தாண்டியதில்லை. எதிர்ப்பக்கம் நின்று எச்சில் முழுங்கியவர்கள் எல்லாரும் இப்போது ஆளுக்கொரு பண்டத்தின் ருசியைச் சொன்னார்கள். ரெஜினா செய்யாத பண்டங்களின் ருசியையும் சொன்னார்கள். அப்பாவின் கைபிடித்து ரெஜினாவுக்குப் போன கதையை ஒருவர் விவரமாகச் சொன்னார், அப்பா இறந்து இருபது வருஷம் ஆகிறது. ஆட்டோக்காரர்கள் காசு போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள், மூலைக்கு மூலை மக்ரூன் படம் வைத்து. "எங்கள் இதயங்களை விட்டு நீங்காத ரெஜினா பேக்கரி" என்று போட்டு, கீழே, "இப்படிக்கு, ரெஜினா ஸ்டாப் ஆட்டோ ஓட்டுநர்கள்" என்று போட்டிருந்தார்கள்.

அதை ஒட்டப் போனபோதுதான் பசைவாளியோடு ஒருவர் தடுமாறி விழுந்தார். பிரஷ் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. சுவர் இல்லை. அந்தரத்தில் நின்ற பழைய போஸ்டர்கள், காதணி விழாவும் கருமாதியும் பூப்புனித நீராட்டும், ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து ரோட்டில் விழுந்தன. "சிறுநீர் கழிக்காதே" உதிர்ந்து சாக்கடையில் போனது. நான் கிட்டே போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். வெறும் காற்று. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் முதல் படம் பார்த்தது அந்த டாக்கீஸில்தான். மறைப்பானேன், இடித்த அன்று வராத துக்கம் அப்போது வந்தது. ஆட்டோக்காரர்கள் போஸ்டரை ரெஜினாவின் ஷட்டரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் நான் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். டவுன் பஸ் வந்து பிரேக் போட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, தெருவே கேட்கும்படி கத்தினார். "ரெஜினா இறங்கு! ரெஜினா இறங்கு! யாரும்மா அது, ரெஜினா வந்தாச்சு, இறங்கு!"

முதலில் இறங்கியவள் ரெஜினா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய இறங்கினாள். பின்னால் மரியதாஸ் வேளாங்கண்ணி மெழுகுவர்த்திப் பையோடு இறங்கினார். அவள் நடந்து போனாள். நெற்றியில் எதுவும் தட்டவில்லை. ஷட்டரில் இருந்த கண்ணீர் அஞ்சலியை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். அதைக் கிழிக்காமல் ஷட்டரை மெதுவாக மேலே தள்ளி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

என் துணியை அவள் அவிழ்க்கவேயில்லை. நிரந்தரமாக மூடப்பட்ட கடைக்குள் எங்கள் ஊர் தினமும் வந்து போகிறது. இல்லாத கடைக்கும் இருக்கிற கடைக்கும் கதவு ஒரே இடத்தில் இருப்பதால் யாருக்கும் சிரமமில்லை. சூடான மக்ரூனை வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டே, அவள் முகத்துக்கு நேராகவே, "கோவிச்சுக்காதக்கா, நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெஜினாவுல இருந்த டேஸ்ட்டு வராது" என்கிறார்கள். "எப்படிண்ணே வரும்?" என்கிறாள் அவள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். வெளியே பஸ் வந்து கண்டக்டர் "ரெஜினா!" என்று கத்தும்போதெல்லாம், உள்ளே தட்டோடு நிற்பவள், "என்னங்க?" என்று ஒரு குரல் கொடுப்பாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். டாக்டருக்குத் தெரியாமல் நானும் ஒன்று இரண்டு தின்கிறேன். மூடிய கடையில் தின்றால் சர்க்கரை ஏறாது என்பது மூக்கையாவின் கட்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கஸ்பார் சொன்னபடி வேனோடு வந்தார். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து வழி நெடுக நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறார், பூக்காரியிலிருந்து டிராபிக் போலீஸ் வரை, "ரெஜினாவா? நேராப் போங்க, ரெஜினாவுல லெப்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் வந்து மறுபடியும் கேட்டார், நம்பிக்கையில்லாமல்.

"ரெஜினா பேக்கரி..."

"அதோ, அங்கதான் இருந்துச்சு," என்று கையை நீட்டினார்கள், ஒரே குரலில், பெருமூச்சு விட்டு.

கஸ்பார் போனார். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது, உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். அவர் துணியைப் படித்தார், போஸ்டரைப் படித்தார், கூட்டத்தைப் பார்த்தார், திரும்பவும் துணியைப் படித்தார். கல்லாவுக்குப் பின்னால் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது," என்றார். "கடை இருக்கா, இல்லையா?"

"கடையா? அது போயிருச்சே அத்தான்," என்றாள் ரெஜினா. "ஊரே அழுவுது பாத்தீங்கல்லா. உள்ள வாங்க, மக்ரூன் சூடா இருக்கு."